34 குதிரையை 70 ஆக்கிய கதை

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபியோ டீயோ பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

முதலில் என் சொந்தக் கதை. வேலையில் இருந்த காலத்தில், மூன்றாம் கையாக ஒரு பழைய கார் வாங்கினேன். என்ன கார் என்று கேட்காதீர்கள். சமவெளியில் சமர்த்தாக ஓடும். ஏற்காடு மலையில்தான் அதன் சுயரூபம் தெரியும். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டுவதற்குள் முதல் கியருக்கு வந்துவிடும். பின்னால் வரும் பஸ்காரர் ஹாரன் மேல் ஹாரன் அடிப்பார். வீட்டம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார்.

என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் அப்போது ஒர்க்‌ஷாப் வைத்திருந்தான். "சார், சைலன்சரை மாத்தி, கார்புரேட்டர்ல பெரிய ஜெட் போட்டுட்டா வண்டி பறக்கும் சார்" என்றான். மாணவன் சொன்னால் ஆசிரியர் கேட்க வேண்டாமா? கேட்டேன். வண்டி பறக்கவில்லை. சத்தம் வந்தது, சக்தி வரவில்லை. பெட்ரோல் மட்டும் தண்ணீராகப் போனது. ஒரு மாதம் கழித்து அவனே வந்து எல்லாவற்றையும் கழற்றிப் பழையபடி மாட்டிவிட்டு, காசு வாங்காமல், "எதையோ விட்டுட்டேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்த "எதையோ" எது என்று எனக்குள் ஒரு கேள்வி இருந்துகொண்டே இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு படிக்க நேரம் கிடைத்தது. படிக்கப் படிக்க, இதே வேலையைச் சரியாகச் செய்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்த ஒரு மனிதரிடம் போய் நின்றேன். அவர் பெயர் ஜான் கூப்பர். கார், மினி. 

கதை எகிப்தில் தொடங்குகிறது. ஆம், கார் கதைதான், எகிப்தில்தான் தொடங்குகிறது. 1956 ஜூலை 26 அன்று நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கினார். பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலும் சண்டைக்குப் போயின. கால்வாய் அடைபட்டது. பிரிட்டனில் அந்த டிசம்பர் முதல் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. நம் ஊரில் மண்ணெண்ணெய்க்கு அட்டை வைத்து வரிசையில் நின்றோமே, அதுபோல அங்கே பெட்ரோலுக்குக் கூப்பன்.

உடனே சின்னச் சின்ன வண்டிகளுக்கு மவுசு கூடியது. ஜெர்மனியிலிருந்து இசெட்டா, மெஸர்ஷ்மிட் என்று மூன்று சக்கரத்திலும் முட்டை வடிவத்திலும் வந்தன. நீர்க்குமிழி கார் என்று கேலியாகச் சொல்வார்கள். அப்போது பிரிட்டனின் பெரிய கார் நிறுவனம் பிஎம்சி. அதன் தலைவர் லியோனார்டு லார்டுக்கு இந்தக் குமிழிகளைக் கண்டாலே ஆகாது. இவற்றைத் தெருவை விட்டுத் துரத்த ஒழுங்கான ஒரு சின்னக் கார் வேண்டும் என்று தன் பொறியாளர் அலெக் இசிகோனிஸிடம் சொன்னார். ஒரே நிபந்தனை: எஞ்சின் புதிதாகச் செய்யக் கூடாது, கம்பெனியிடம் இருப்பதையே வைத்துக்கொள்ள வேண்டும்.

இசிகோனிஸ் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். 1906இல் ஸ்மிர்னா நகரில், அதாவது இன்றைய துருக்கியின் இஸ்மீரில் பிறந்தவர். போர் துரத்த, தாயோடு இங்கிலாந்து வந்து சேர்ந்தார். பாலிடெக்னிக்கில் கணிதத் தேர்வில் மூன்று முறை தோற்றார். (கணக்குப் பாடம் எடுத்தவன் என்ற முறையில் இதைப் படித்தபோது எனக்கு லேசாக வலித்தது. நான் "உருப்படமாட்டாய்" என்று சொன்ன பையன்களின் முகங்கள் வரிசையாக வந்துபோயின.) 1948இல் வந்த மோரிஸ் மைனர் இவர் செய்ததுதான். அதுதான் நம் நாட்டில் பேபி இந்துஸ்தான் என்ற பெயரில் ஓடியது. பெரியவர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம்.

இவர் செய்த தந்திரம் என்னவென்றால், எஞ்சினைக் குறுக்கே திருப்பி வைத்தார். கியர்பாக்ஸை எஞ்சினுக்குக் கீழே, ஆயில் இருக்கும் தொட்டிக்குள்ளேயே அடக்கினார். முன் சக்கரங்களுக்குச் சக்தி கொடுத்தார். சக்கரமே பத்து அங்குலம்தான். மொத்தக் காரின் நீளம் பத்தடி. நான்கு பேர் கால் நீட்டி உட்காரலாம், பெட்டியும் வைக்கலாம். ஸ்பிரிங்குக்குப் பதில் அலெக்ஸ் மோல்டன் என்பவர் வடிவமைத்த ரப்பர் கூம்புகள். இன்று தெருவில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவை எஞ்சினைக் குறுக்கே வைத்து முன் சக்கரத்தைச் சுழற்றுபவைதான்.

1959 ஆகஸ்ட் 26 அன்று மினி வெளியே வந்தது. விலை 500 பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. எஞ்சின் 848 சிசி, 34 குதிரைத்திறன். அதிகபட்ச வேகம் மணிக்கு சுமார் 116 கிலோமீட்டர். நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட அரை நிமிடம் ஆகும். மழை பெய்தால் தரையில் தண்ணீர் ஊறும். தகடுகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஒட்டிய திசை தப்பாகிவிட்டது. முதலில் சோதனைக்குச் செய்த வண்டியில் 948 சிசி எஞ்சின் இருந்தது. அது அளவுக்கு மீறி ஓடுகிறது, சாதாரண ஜனங்கள் கையில் கொடுக்க முடியாது என்று வேண்டுமென்றே குறைத்தார்கள். ஆக, மெதுவாக ஓடுவது அந்தக் காருக்கு விபத்தாக வந்ததல்ல. முடிவெடுத்து வைத்தது.

இப்போது ஜான் கூப்பர் வருகிறார்.

லண்டனுக்கு அருகே சர்பிட்டன் என்ற ஊரில் அப்பா சார்லஸும் மகன் ஜானும் ஒரு சாதாரண கராஜ் நடத்தினார்கள். போர் முடிந்த கையோடு, 1946இல், நசுங்கிய சின்ன ஃபியட் கார்களின் முன்பாகங்கள் இரண்டை எடுத்து, ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் ஒட்டி, முதுகில் ஒரு மோட்டார் சைக்கிள் எஞ்சினை வைத்து ரேஸ் கார் செய்தார்கள். காசில்லாத வீட்டில் செய்த சமையல். ஆனால் எஞ்சினைப் பின்னால் வைத்த அந்த வழிதான் அவர்களை 1959இலும் 1960இலும் ஃபார்முலா ஒன் உலக சாம்பியன் ஆக்கியது. ஓட்டியவர் ஆஸ்திரேலியாவின் ஜாக் பிராபம். ஃபெராரி போன்ற பெரிய வீடுகளைக் கராஜ்காரர்கள் தோற்கடித்தார்கள்.

கூப்பருக்கு பிஎம்சியின் அந்தச் சின்ன எஞ்சின் ஏற்கெனவே பழக்கம். ஃபார்முலா ஜூனியர் என்ற பயிற்சி ரேஸ் கார்களில் அதைத்தான் வைத்திருந்தார். பார்க்கப் பரம சாது, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். 1959இல் இத்தாலியன் கிராண்ட் பிரிக்ஸுக்காக மான்சாவுக்குப் போனபோது ஒரு மினியும் கூடவே போனது. ஒரு காலத்தில் ஃபெராரிக்கு எஞ்சின் வடிவமைத்த அவுரேலியோ லாம்ப்ரேடி அங்கே அதை வாங்கி ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிரமித்துத் திரும்பினார். கூப்பர் முடிவு செய்துவிட்டார்.

ஊர் திரும்பி இசிகோனிஸிடம் போனார். "இதில் கொஞ்சம் சக்தி ஏற்றுவோமா?" இசிகோனிஸ் முடியாது என்றார். இது மக்கள் கார், மாவட்ட நர்சும் தபால்காரரும் ஓட்ட வேண்டிய கார், ரேஸ் பொம்மை அல்ல என்பது அவர் கட்சி.

இதில் ஒரு வேடிக்கை. இதே இசிகோனிஸ் இளைஞராக இருந்தபோது, ஜார்ஜ் டவ்சன் என்ற நண்பரோடு சேர்ந்து, ஆஸ்டின் செவன் என்ற சாதாரணக் குட்டிக் காரின் எஞ்சினை வைத்து, பல ஆண்டுகள் கையாலேயே தட்டித் தட்டி ஒரு ரேஸ் கார் செய்தவர். தான் செய்த குறும்பைத் தன் பிள்ளை செய்யக் கூடாது என்று நினைக்கிற அப்பாக்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம்! ஆனாலும் அவர் பக்கத்தையும் நான் முழுக்கத் தள்ள மாட்டேன். மலிவான காரை எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்ற பிடிவாதம் சாதாரணமானதல்ல. ஃபோர்டு கம்பெனிக்காரர்கள் ஒரு மினியை வாங்கி ஆணி ஆணியாகக் கழற்றிக் கணக்குப் போட்டு, ஒவ்வொரு காருக்கும் பிஎம்சி 30 பவுண்டு நஷ்டப்படுகிறது என்று கண்டுபிடித்தார்கள். அவ்வளவு மலிவாக விற்ற கார் அது.

கூப்பர் விடவில்லை. இசிகோனிஸுக்கு மேலே இருந்த ஜார்ஜ் ஹாரிமனிடம் போனார். ஹாரிமன் சரி என்றார். போட்டிக்கு அனுமதி வாங்க 1000 கார்களாவது செய்து விற்றாக வேண்டும் என்பது விதி. ஆயிரம் விற்குமா என்பதே ஹாரிமனுக்குச் சந்தேகம். காருக்கு 2 பவுண்டு கூப்பருக்கு என்று பேசிக் கைகுலுக்கினார்கள். 

இனி என் மாணவன் விட்ட இடத்துக்கு வருவோம்.

எஞ்சின் என்பது மூச்சு விடும் ஜந்து. காற்றை இழுக்கிறது, பெட்ரோலோடு கலக்கிறது, அழுத்துகிறது, எரிக்கிறது, புகையை வெளியே தள்ளுகிறது. ஒரு கிலோ பெட்ரோல் நன்றாக எரிய ஏறக்குறைய 15 கிலோ காற்று வேண்டும். பெரிய ஜெட் போட்டால் பெட்ரோல்தான் கூடும், காற்று கூடாது. பசிக்கிறவனுக்குச் சோறு போடாமல் குழம்பை மட்டும் மேலே மேலே ஊற்றுவது போல. என் காரில் நடந்தது இதுதான். புகை கறுத்தது, பாக்கெட் இளைத்தது.

கூப்பர் செய்தது வேறு. ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு வைத்தார். இரண்டு மூக்கு. காற்று உள்ளே வரும் வால்வுகளைப் பெரிதாக்கினார்கள். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தை 68 மில்லிமீட்டரிலிருந்து 81 ஆக நீட்டினார்கள். சிலிண்டரின் கொள்ளளவு 848 சிசியிலிருந்து 997 ஆனது. அழுத்தத்தையும் கூட்டினார்கள். புகை போகும் வழியையும் சீராக்கினார்கள். 34 குதிரை 55 ஆனது. 

இதோடு நின்றிருந்தால் கூப்பர் பெயர் இவ்வளவு காலம் நின்றிருக்காது என்பது என் எண்ணம். முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போட்டார். அந்தக் காலத்தில் இவ்வளவு சின்னக் காருக்கு டிஸ்க் பிரேக் என்பது கேள்விப்படாதது. சக்கரம் பத்து அங்குலம், அதற்குள் ஏழு அங்குலத் தட்டு. ஓட வைக்கிறவன் நிறுத்தவும் வழி செய்தான். சைலன்சரை அறுத்துவிட்டு எங்கள் தெருவில் பட்பட்டென்று போகும் பையன்களைப் பார்க்கும்போதெல்லாம், தம்பி, பிரேக்கைப் பார்த்தாயா என்று கேட்கத் தோன்றும். கேட்டால் தாத்தா என்று ஒதுங்குவார்கள்.

1961இல் மினி கூப்பர் வந்தது. ஆனால் குறை இல்லாமல் இல்லை. பிஸ்டன் நீண்ட தூரம் ஏறி இறங்கியதால், வேகமாகச் சுழலும்போது எஞ்சின் முரட்டுத்தனமாக உதறியது. அடுத்து 1963இல் கூப்பர் எஸ் வந்தபோது வழியையே மாற்றினார்கள். நீட்டுவதற்குப் பதில் அகலமாக்கினார்கள். ஏழாம் வகுப்புப் பாடம் நினைவிருக்கிறதா? வட்டத்தின் பரப்பு ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அகலம் கொஞ்சம் கூடினாலே கொள்ளளவு மளமளவென்று ஏறும். 63 மில்லிமீட்டர் அகலம் 70.6 ஆனது.

சொல்வது எளிது. எஞ்சின் கட்டையின் நீளம் அதேதான், நான்கு சிலிண்டரும் அதற்குள்தான் இருக்க வேண்டும். ஓரத்தில் இருந்த இரண்டையும் இன்னும் ஓரத்துக்குத் தள்ளி, நடுவில் இருந்த இரண்டையும் நெருக்கி வைத்தார்கள். ஒரே அறை வீட்டில் கல்யாணத்துக்கு வந்த உறவினர்களைப் படுக்க வைப்பது போன்ற வித்தை. கிராங்க் ஷாஃப்டுக்கு உயர்ந்த எஃகு, அதன் மேற்பரப்பைத் தனியாகக் கடினப்படுத்தினார்கள். 1071 சிசி, 70 குதிரைத்திறன். முதல் மினியைவிட இரண்டு மடங்கு. காரின் எடையோ சுமார் 600 கிலோதான்.

இந்த இடத்தில் டேனியல் ரிச்மண்டை விடக்கூடாது. வில்ட்ஷயரில் டவுண்டன் என்ற கிராமத்தில் பட்டறை வைத்திருந்தவர். சிலிண்டர் தலையில் காற்று போகும் வழியைக் கையால் தேய்த்து வழவழப்பாக்கி, வளைவைத் திருத்தி, ஒரு புதுப் பாகமும் போடாமலேயே சக்தியைக் கூட்டுவதில் மன்னர். கடைசியில் பிஎம்சியே அவரை ஆலோசகராக வைத்துக்கொண்டது. தேய்ப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். புல்லாங்குழலில் துளை ஒரு நூல் நகர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

போட்டிக் களத்தில் மினி கூப்பருக்குப் பெரிய முதல் வெற்றியைத் தந்தவர் ஒரு பெண். 1962இல் ஹாலந்தின் டூலிப் ராலி. ஓட்டியவர் பாட் மாஸ், வழி சொன்னவர் ஆன் விஸ்டம். பாட் மாஸ் புகழ்பெற்ற ஸ்டர்லிங் மாஸின் தங்கை. அண்ணன் பெயர் நம் ஊர் வரை வந்தது. தங்கை பெயர் வரவில்லை.

பிறகு 1964, மாண்டே கார்லோ. ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்து குளிர்காலத்தில் புறப்பட்டு, பனி மலைகளைத் தாண்டி மொனாக்கோவில் முடியும் போட்டி. வட அயர்லாந்துக்காரர் பாடி ஹாப்கர்க், ஹென்றி லிடனோடு, சோவியத் நாட்டின் மின்ஸ்க் நகரிலிருந்து கிளம்பினார். எதிரே 4.7 லிட்டர், எட்டு சிலிண்டர் ஃபோர்டு ஃபால்கன். மினியைவிட நாலு மடங்குக்கும் மேல் பெரிய எஞ்சின். மினி ஜெயித்தது. நேர்மையாகச் சொல்ல வேண்டும்: மலைப் பிரிவுகளில் வெறும் நேரக் கணக்கில் ஃபால்கன்தான் முந்தியது. எஞ்சின் அளவுக்கு ஏற்பச் சலுகை தரும் விதி அப்போது இருந்தது, அது மினிக்கு உதவியது. ஆனால் அவ்வளவு நெருக்கத்தில் போயிருக்காவிட்டால் சலுகை என்ன செய்யும்? எஞ்சினின் கனம் முழுவதும் முன் சக்கரங்களின் மேல். அதே சக்கரங்கள்தான் இழுக்கவும் செய்கின்றன. பனியில் பெரிய கார் வழுக்கிய இடத்தில் இது நகத்தால் பற்றுவதுபோல் பற்றியது.

1965இல் இன்னும் மோசமான பனி. 237 கார்கள் கிளம்பி 35 மட்டுமே முடித்தன. ஃபின்லாந்தின் திமோ மேகினன் மினியில் முதலில் வந்தார். வலது காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுக்காமலேயே இடது காலால் பிரேக்கைத் தொட்டு வளைவில் காரைத் திருப்பும் வித்தை அந்த ஃபின்லாந்துக்காரர்களுடையது. நம் ஏற்காட்டில் யாரும் முயற்சிக்க வேண்டாம்.

1966இல் மேகினன், ரௌனோ ஆல்டனன், ஹாப்கர்க் என்று முதல் மூன்று இடமும் மினிக்கு. பிரெஞ்சு அதிகாரிகளால் நம்ப முடியவில்லை. குடும்பக் கார் இப்படி ஓடாது, ஏதோ திருட்டுத்தனம் என்று மணிக்கணக்கில் கழற்றிக் கழற்றிப் பார்த்தார்கள். எஞ்சினில் ஒன்றும் சிக்கவில்லை. கடைசியில் முன்விளக்கைப் பிடித்தார்கள். டிம் செய்ய முடியாத ஒற்றை இழை பல்பு, விதிக்குப் புறம்பு என்றார்கள். மூன்று மினியும் தகுதி நீக்கம். நாலாவதாக வந்த ரோஜர் கிளார்க்கின் ஃபோர்டும் நீக்கம். பரிசு, பிரான்சின் சித்ரோயன் காருக்குப் போனது. சோதனையில் எஞ்சினைத் தொட முடியாமல் விளக்கில் கை வைத்தபோது, கூப்பரும் ரிச்மண்டும் செய்த வேலைக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டுமா? 1967இல் ஆல்டனன் மறுபடி வந்து, சரியான பல்போடு ஜெயித்தார்.

இசிகோனிஸ்? முதலில் வேண்டாம் என்றவர், பிறகு கூப்பருக்கு நல்ல நண்பரானார். ஆயிரம் விற்குமா என்று ஹாரிமன் சந்தேகப்பட்ட கார், பத்தாண்டில் ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றது.

முடிவு அவ்வளவு நன்றாக இல்லை. 1968இல் பிஎம்சி வேறு கம்பெனிகளோடு இணைந்து பிரிட்டிஷ் லேலண்ட் ஆனது. டொனால்ட் ஸ்டோக்ஸ் தலைமைக்கு வந்தார். வெளியாள் பெயருக்கு எதற்குப் பணம் தர வேண்டும் என்ற கணக்கு வந்தது. 1971இல் கூப்பர் எஸ் நின்றது, அந்த 2 பவுண்டும் நின்றது. கூப்பர் தன் கராஜ் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1990இல்தான் அந்தப் பெயர் மறுபடி மினியின் மேல் ஏறியது. 2000 அக்டோபரில் கடைசிப் பழைய மினி தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று ஜான் கூப்பர் காலமானார். இசிகோனிஸ் 1988லேயே போய்விட்டார்.

இன்னொரு செய்தி. நம் அம்பாசடரில் நெடுங்காலம் இருந்த 1489 சிசி எஞ்சின் இதே பிஎம்சியின் பி வரிசை. மினியில் இருந்தது ஏ வரிசை. அக்காவும் தங்கையும். தங்கை மாண்டே கார்லோ போனாள். அக்கா நம் ஊரில் கலெக்டரையும் கல்யாண மாப்பிள்ளையையும் சுமந்தாள்.

போன மாதம் அந்த மாணவனைக் கடைவீதியில் பார்த்தேன். அவனுக்கே இப்போது தலை நரைத்துவிட்டது. மகன் பட்டறையைப் பார்த்துக்கொள்கிறானாம். நின்றபடியே இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். பெரிய ஜெட் விஷயம் வந்தபோது தலையைச் சொறிந்தான். இரண்டு சிலிண்டரை நெருக்கி, இரண்டை ஓரம் தள்ளிய இடத்தில் மட்டும் கையைப் பிடித்து நிறுத்தி, "இருங்க சார், அப்போ நடுவுல கேஸ்கட் நிக்குமா?" என்று கேட்டான்.

எனக்குத் தெரியவில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன்.